லண்டனிலிருந்து கோல்ஃப் செட் வருகிறதா? முதலில் அளவை அனுப்புங்கள்

திருகோணமலையில் கோல்ஃப் பழக வருகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் அவர்களுக்கென்று வாங்கிய மட்டை அல்ல. லண்டனில் இருக்கும் மச்சான் கப்பலில் போட்டு அனுப்பியது, ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகன் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தது, இடமாற்றம் கிடைத்துப் போன அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போனது, இப்படித்தான் இருக்கும். சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் இருப்பதால் இந்த விளையாட்டில் ஆசைப்படுகிற நம்மவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் கையில் பிடித்து, அடித்து, அளந்து வாங்குகிற வசதி ஊருக்குள் அரிது. ஆகவே வருகிறதை வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

நான் பயிற்சியாளர். பழைய மட்டைகளுக்குக் கிரிப் (கைப்பிடி ரப்பர்) மாற்றிக் கொடுப்பதும் ஷாஃப்ட் (தண்டு) பார்ப்பதும் என் வேலையோடு சேர்ந்தவை. இந்த வேலையில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். மட்டையின் தலையில் இருக்கும் பெயருக்கு ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். உடம்புக்குப் பொருந்த வேண்டியதோ தலைக்கு மேலே இருக்கிற பகுதி: நீளம், ஷாஃப்டின் விறைப்பு, கைப்பிடி. இந்த மூன்றையும் யாரும் கேட்பதில்லை.

துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், வலது முழங்கையின் உட்பக்கம் நோகிறது என்று சொன்னார். வைத்தியர் தசைநாண் அழற்சி என்று சொல்லி ஓய்வு கொடுத்திருந்தார். ஓய்வெடுத்தார், நோவு போனது. திரும்ப ஆடினார், நோவு வந்தது. அவருடைய 7 அயனை, அதாவது நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கிற மட்டையை, வாங்கிப் பார்த்தேன். தலையில் பேர்போன கம்பனியின் முத்திரை. கைப்பிடி ரப்பரோ இறுகிக் கறுத்துப் பளபளத்தது. நகத்தால் அழுத்தினேன், தடம் விழவில்லை. பெருவிரல் படுகிற இடத்தில் இருந்த வரிகள் முற்றாகத் தேய்ந்து வழவழத்தன. கைப்பிடிக்குக் கீழே ஷாஃப்டில் ‘ஸ்டிஃப்’ என்று ஒட்டியிருந்தது. எழுபதை நெருங்குகிற, நிதானமாகச் சுழற்றுகிற ஒருவருக்கு அது விறைப்பான, கனமான எஃகு ஷாஃப்ட்.

கைப்பிடி வழுக்கினால் ஆள் தன்னை அறியாமலே இறுக்கிப் பிடிப்பார். எங்கள் ஊர் வியர்வைக்குச் சொல்லவே தேவையில்லை. இறுக்கிப் பிடித்தபடி சுழற்றும்போது முன்கைத் தசைகள் முழுநேரமும் இழுபட்டிருக்கும். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்குகிற அந்தத் தசைகள் போய் ஒட்டுகிற எலும்பு முனைதான் முழங்கையின் உட்புறம். அதோடு, பந்துக்கு முன்னால் மண்ணில் படும்போது எழுகிற அதிர்வை விறைத்த எஃகு அப்படியே கைக்கு ஏற்றிவிடும். அவருக்குக் கொஞ்சம் தடித்த புதுக் கிரிப்பும், கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட பாவித்த அயன்களும் எடுத்துக் கொடுத்தோம். வைத்தியர் சொன்ன பயிற்சிகளையும் அவர் விடாமல் செய்தார். இப்போது நோவில்லாமல் ஆடுகிறார். மட்டைதான் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. பொருந்தாத மட்டை கையில் இருக்கும்வரை மருந்து நின்று வேலைசெய்யாது என்பதைத்தான் சொல்கிறேன்.

கைப்பிடியைப் பற்றி இன்னும் கொஞ்சம். முழு மட்டையில் உங்கள் உடம்பு தொடுகிற ஒரே இடம் அது, மாற்றுவதற்கு ஆகச் செலவு குறைந்த பாகமும் அதுதான். அளவு சரியா என்று நீங்களே பார்க்கலாம். வலக்கைக்காரர் என்றால் இடக்கையால் வழமைபோலப் பிடியுங்கள். நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் பெருவிரலடிச் சதையை மெல்லத் தொட்டால் சரி. சதைக்குள் புதைந்தால் கைப்பிடி மெல்லியது. தொடாமல் இடைவெளி நின்றால் தடிப்பு. மெல்லியதாக இருந்தால் புதுக் கிரிப் போடும்போது அடியில் ஒன்றிரண்டு சுற்று ஒட்டுநாடா கூடுதலாகச் சுற்றியே சமாளிக்கலாம். கடற்கரை வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகும். ஒழுங்காக ஆடுகிறவர் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இடையில் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடுங்கள்.

சரி, வெளிநாட்டிலிருந்து வரப்போகிறது என்றால் என்ன செய்வது? அனுப்புகிறவருக்குப் பாசம் இருக்கிறது, அளவு தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆடும்போது போடுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சமதரையில் நிமிர்ந்து நில்லுங்கள். கைகளைத் தளர விடுங்கள். உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து தரைவரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். உயரத்தை மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கும். அப்புறம் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: “மச்சான், நான் வலக்கை ஆட்டம். உயரம் இவ்வளவு, மணிக்கட்டிலிருந்து தரைக்கு இவ்வளவு. ஷாஃப்ட் ரெகுலர், கிராஃபைட் என்றால் நல்லம். முழு செட் வேண்டாம், ஆறேழு மட்டை காணும்.” இந்த நாலு வரி மட்டும் போனால், அங்குள்ள பழைய மட்டைக் கடைக்காரருக்கே எதை எடுத்துக் கொடுப்பது என்று விளங்கிவிடும்.

ஆண்களுக்கான 7 அயனின் வழமையான நீளம் எஃகு ஷாஃப்டில் 37 அங்குலம் அளவில் இருக்கும். பெண்களுக்கு வருவது அதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் குட்டை, ஷாஃப்டும் இலகு. நீளம் பிழைத்தால் தலை தரையில் சரியாக உட்காராது. பந்தின் முன் நிற்கும்போது தலையின் நுனி மேலே தூக்கி நின்றால் வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும், ஷாஃப்ட் சேருகிற குதிப்பக்கம் தூக்கினால் வலப்பக்கம் போகும். பழகுகிறவர் தன் கையில்தான் பிழை என்று நினைத்து, இல்லாத பிழையைத் திருத்தப் பார்ப்பார். கணவனின் மட்டையை வைத்துப் பழகுகிற பெண்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். தனக்கு விளையாட்டு வராது என்று அவர்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியிருந்தது மட்டையைத்தான்.

ஷாஃப்டின் விறைப்புக்கு எல், ஏ, ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் என்று எழுத்துகள் போடுவார்கள். எல் ஆகவும் வளையக்கூடியது, எக்ஸ் ஆகவும் விறைத்தது. இதில் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பனியின் ஆர் இன்னொன்றின் எஸ்ஸுக்குக் கிட்ட நிற்கும். டிரைவரை, அதாவது ஆகத் தூரம் அடிக்கிற நீள மட்டையை, மணிக்கு 95 மைல் வேகத்துக்குமேல் சுழற்றுகிறவர்களுக்கு ஏறத்தாழ எஸ் பொருந்தும். ஐம்பது வயதில் பழகத் தொடங்குகிற பெரும்பாலானோருக்கு ஆர் அல்லது ஏ போதும். உடம்பு பலமாக இருக்கிறது, ஆகவே எஸ் வேண்டும் என்று இளம் பொடியன்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியது பலத்தை அல்ல, சுழற்சியின் வேகத்தை.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பந்து தாழப் பறக்க வேண்டும், அதற்கு முகம் 9 பாகை மட்டும் சாய்ந்த டிரைவர்தான் சரி என்று சொல்வார்கள். வேகமாகச் சுழற்றுகிறவருக்கு அது உண்மை. மெதுவாகச் சுழற்றுகிறவர் 9 பாகையில் அடித்தால் பந்து எழும்பாமலே விழுந்துவிடும், காற்றில்லாத நாளிலும் அப்படித்தான். புதியவர்கள் 10.5 பாகைக்குக் குறையாமல் எடுங்கள். 12 கிடைத்தால் தயங்க வேண்டாம். கச்சானில் தாழ அடிக்கப் பந்தை வைக்கும் இடத்தையும் சுழற்சியின் அளவையும் மாற்றப் பழகுங்கள். அதற்குப் புது மட்டை தேவையில்லை.

எத்தனை மட்டை வேண்டும்? விதிப்படி ஒரு சுற்றில் 14க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் 1938 இலும் பிரிட்டனில் 1939 இலும் வந்த கட்டுப்பாடு அது. 14 என்பது உச்சவரம்பு. 14 இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தூரத்துக்கு அடிக்க ஒரு ஹைபிரிட், 7 அயன், 9 அயன், மணல் குழியிலிருந்து எடுக்க ஒரு சாண்ட் வெஜ், குழிக்கு உருட்டிவிடப் பட்டர். இவற்றோடு முதல் வருடத்தைத் தாராளமாக ஓட்டலாம். டிரைவர் பிறகு வரட்டும்.

பழைய அயன்களையும் புதியவற்றையும் கலந்து வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அடியில் இருக்கிற இலக்கம் சாய்வின் அளவைச் சொல்லாது. முன்பு 7 அயன் என்றால் 35 பாகைக்குக் கிட்ட இருந்தது. இப்போது 30 பாகையிலும் அதற்குக் கீழும் செய்கிறார்கள். புது 7 அயனையும் பழைய 6 அயனையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் ஒரே தூரம்தான் போகும்.

பிள்ளைகள் விஷயத்தில் தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள். பெரியவர்களின் மட்டையைப் பட்டறையில் கொடுத்து அறுத்துச் சிறிதாக்கிக் கொடுக்காதீர்கள். அறுத்தால் நீளம் மட்டும்தான் குறையும். தலையின் கனம் அப்படியே இருக்கும், ஷாஃப்ட் முன்னைவிட விறைத்துப் போகும். அந்தக் கனத்தைத் தூக்கப் பிள்ளை முதுகை வளைத்துச் சுழற்றிப் பழகும், பிறகு அந்தப் பழக்கத்தை எடுப்பது பெரிய பாடு. பிள்ளைகளுக்கென்று செய்த மட்டை மூன்று இருந்தால் போதும், வளர்ந்ததும் அடுத்த பிள்ளைக்குக் கைமாற்றலாம். கிரிக்கெட்டில் இடக்கையால் ஆடுகிற பிள்ளை வலக்கையால் எழுதினால் எந்தக் கை மட்டை வாங்குவது என்று பெற்றோர் கேட்பார்கள். எழுதும் கையைப் பார்க்க வேண்டாம். எந்தப் பக்கம் நின்று இயல்பாகச் சுழற்றுகிறதோ அந்தப் பக்கம். இடக்கை மட்டை பழையதில் கிடைப்பது கஷ்டம், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாவித்த மட்டையை நேரில் வாங்கும்போது நான் பார்ப்பவை இவை. கிராஃபைட் ஷாஃப்டைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சை மேலிருந்து கீழாக உருவுவேன். வெடிப்பு இருந்தால் நூல் சிக்கும். எஃகு ஷாஃப்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவும் நெளிவும் பார்ப்பேன். துருக் குழி விழுந்த ஷாஃப்டை எடுக்க மாட்டேன். உப்புக்காற்றில் வைத்திருந்த மட்டைகளில் தலையோடு சேரும் இடத்தில்தான் அது தொடங்கும். பிறகு தலையை ஒரு கையாலும் ஷாஃப்டை மறு கையாலும் பிடித்து முறுக்குவேன். தலையை ஒட்டி வைத்திருப்பது எப்பொக்ஸிப் பசை. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் நாள்கணக்கில் கிடந்தால் அது தளரக்கூடும். கழன்ற தலை பறந்து யாருடைய முகத்தில் போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அசைவு தெரிந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், அல்லது ஒட்டித் தரச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இணையத்தில் பாதி விலைக்குப் புது டிரைவர் என்று வருகிற விளம்பரங்களில் போலிகள் நிறைய. ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். டைட்டேனியம் என்று சொல்லி விற்கிற டிரைவரின் முகத்தில் அது ஒட்டினால் அது டைட்டேனியம் அல்ல. திருகுகளிலும் எடைத் துண்டுகளிலும் ஒட்டலாம், அது பிரச்சினையில்லை. டிரைவருக்கு அடுத்த நீள மட்டையான ஃபெயர்வே உட் பெரும்பாலும் எஃகில்தான் வரும், அதில் ஒட்டுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கழுத்தில் தொடரிலக்கம் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பவும் வேண்டாம், அதையும் பொறித்துவிடுகிறார்கள். எழுத்துகளில் நிரப்பிய நிறம் கரை தாண்டியிருக்கிறதா, ஒரே செட்டில் மட்டைக்கு மட்டை கனம் ஒழுங்கில்லாமல் மாறுகிறதா என்று பாருங்கள்.

பந்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பழகும் காலத்தில் தொலைப்பதற்குத்தான் பந்து. குளத்திலிருந்து எடுத்துக் கழுவியதே போதும். கையுறை தோலில் வாங்கினால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றையே வியர்வையோடு சுருட்டிப் பைக்குள் வைத்தால் மறுவாரம் கருவாடாகக் காய்ந்து கிடக்கும்.

பையை ஆகக் கடைசியாக வாங்குங்கள், இலகுவானதாக வாங்குங்கள். தொலைக்காட்சியில் தொழில்முறை வீரர்களுக்குப் பின்னால் வருகிற பெரிய பைகள் வெறுமையாகவே கனமானவை. எங்கள் நாட்டுத் திடல்களில் அந்தப் பையைப் பெரும்பாலும் ஒரு கேடிதான் சுமக்கிறார், அதுவும் மத்தியான வெயிலில். பாவிக்காத மட்டைகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். எதைப் பாவிக்கிறீர்கள், எதைத் தொடுவதே இல்லை என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் அவரையே கேளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் மட்டையை எடுத்துத் தருகிறவர் அவர், சரியாகச் சொல்வார்.