வலிக்காத தாடை வீக்கம்: பல்லைப் பிடுங்கும் முன் ஒரு படம்

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கங்களிலிருந்து வேலூருக்கு வருகிறவர்களில் சிலர் சொல்வது ஒன்றுதான்: கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, வலி இல்லை, கடைவாய்ப்பல் ஆடுகிறது. ஆன்டிபயாட்டிக் பலமுறை சாப்பிட்டாயிற்று. சிலருக்குப் பல்லையும் பிடுங்கியாயிற்று. குழி ஆறாமல் சதை வளர்ந்திருக்கும்.

சீழ் வீக்கம் வலிக்கும், மருந்துக்கு இறங்கும். மாதக்கணக்கில் மெல்ல வளரும் கெட்டி வீக்கம் வேறு. அதில் முதலில் நினைக்க வேண்டியது அமெலோபிளாஸ்டோமா. பல்லை உருவாக்கும் திசுவில் பிறக்கும் கட்டி. புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். சுமார் 80 சதவீதம் கீழ்த்தாடையில், பெரும்பாலும் கடைவாய்ப் பக்கம்.

முதலில் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, அதாவது இரு தாடையும் முழுதாகத் தெரியும் படம். தேன்கூடு மாதிரி பல அறைகள், கரைந்து குட்டையான வேர்கள், கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் உப்பிய எலும்பு: இவை சந்தேகத்தை வலுவாக்கும். கெரட்டோசிஸ்ட் என்ற இன்னொரு தாடைக் கட்டி அவ்வளவாக உப்பாது, எலும்புக்குள் நீளவாக்கில் ஓடும். ஆனாலும் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டக் கூடாது.

பயாப்சிக்கு (துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு) முன் ஊசியால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். சிவந்த ரத்தம் வேகமாக ஏறினால் கத்தி வைக்காதீர்கள், ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். மஞ்சள் நீர் வந்தால் பலரும் ‘நீர்க்கட்டிதான்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏமாறுவது இங்கேதான். ஒற்றை அறை அமெலோபிளாஸ்டோமாவிலும் அதே நீர் வரும்.

துண்டு எடுக்கும்போது மேலாகச் சுரண்டினால் ‘அழற்சி’ என்றே ரிப்போர்ட் வரும். கட்டிச் சுவரின் முழுத் தடிமனும் வேண்டும். துண்டின் அளவைப்போல் 10 மடங்கு ஃபார்மலின் (துண்டு கெடாமல் காக்கும் திரவம், 10 சதவீதம்) ஊற்றி, எக்ஸ்ரேயையும் சேர்த்தே அனுப்புங்கள். படம் பார்க்காத பெதாலஜிஸ்ட் (துண்டைச் சோதிக்கும் டாக்டர்) பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும். ‘ஜயன்ட் செல்’ (ராட்சத செல்கள் நிறைந்த கட்டி) என்று வந்தால் ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்காமல் ஆபரேஷன் பேச வேண்டாம்; கழுத்திலுள்ள அந்தச் சுரப்பியின் கோளாறாலும் அப்படி வரலாம்.

அமெலோபிளாஸ்டோமாவில் வழக்கமான வகையைச் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். எக்ஸ்ரேயில் தெரியும் விளிம்பைத் தாண்டியும் கட்டியின் இழைகள் எலும்புக்குள் ஓடியிருக்கும். அதனால்தான் 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்போடு வெட்டுகிறோம். பெரிய இடைவெளியைக் காலிலிருந்து ஃபிபுலா எலும்பெடுத்து நிரப்பலாம். 10 வருடம் கழித்தும் திரும்பி வரக்கூடும். எனவே பழைய எக்ஸ்ரே, பயாப்சி பிளாக் (மெழுகில் பதித்த துண்டு), ஸ்லைடு எதையும் தொலைக்காமல் ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள்.