கவுன்சில் கமிட்டிக் கூட்டத்தில் நமக்கு என்ன உரிமை?

இங்கிலாந்தில் வசிக்கும் நம்மில் பலருக்கு, கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) என்றால் கவுன்சில் டாக்ஸ், குப்பைத் தொட்டி, பார்க்கிங் பெர்மிட், அவ்வளவுதான். அந்த பெர்மிட் கட்டணத்தை ஏற்றுவதா, நூலகத்தை மூடுவதா என்று பேசும் கமிட்டிக் கூட்டத்தில் யாரும் போய் உட்காரலாம். அழைப்பு வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம்.

ஆனால் உட்காருவதைவிட முக்கியமானது காகிதம். 1972 உள்ளாட்சிச் சட்டத்தில் 1985-ல் சேர்த்த விதிகளின்படி, கூட்டத்துக்கு ஐந்து முழு நாள் முன்பே நிகழ்ச்சி நிரலும் அதிகாரிகளின் அறிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும். வெளியிடும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது. சனி, ஞாயிறும் வராது. அடுத்த புதன்கிழமை கூட்டம் என்றால் இந்தச் செவ்வாய்க்கிழமையே தாள்கள் வெளியே இருக்க வேண்டும். அப்படி வராத விஷயத்தைக் கூட்டத்தில் எடுக்க முடியாது. அவசரம் என்று தலைவர் கருதினால் எடுக்கலாம்; அதற்கான காரணத்தைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அறிக்கை எழுத அடிப்படையாக இருந்த பின்னணி ஆவணங்களையும் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பட்டியல் அறிக்கையிலேயே இருக்கும். அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. விஷயமெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கதவை மூடவும் விதி உண்டு. தனி நபர் விவரம், ஒரு நிறுவனத்தின் வணிகக் கணக்கு, வக்கீல் ஆலோசனை போன்றவை வரும்போது தீர்மானம் போட்டுப் பொதுமக்களை வெளியே அனுப்பலாம். எந்தப் பிரிவின் கீழ் என்று அப்போது சொல்லியாக வேண்டும். ‘வணிக ரகசியம்’ கொஞ்சம் தாராளமாகவே பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம். திறந்த கூட்டம் என்றால், 2014 முதல் வீடியோவும் எடுக்கலாம்.

சரி, சமூகப் பிரதிநிதிகள்? பல கமிட்டிகளில் கவுன்சிலர் அல்லாதவர்களும் உறுப்பினராக இருப்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்குப் பேச்சு உண்டு, ஓட்டு இல்லை. முக்கியமான விலக்கு, கல்வியைக் கண்காணிக்கும் கமிட்டி. அங்கே சர்ச் பிரதிநிதிகளுக்கும், பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் பெற்றோர் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் 2 முதல் 5 பேருக்கும் கல்வி விஷயங்களில் ஓட்டே உண்டு. பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்த விதிகள் ஏன் தேவை என்பதற்கு வட இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டு போதும். சாலைப் பராமரிப்பை 2012-ல் தனியாரிடம் கொடுத்தது கவுன்சில். தெருமரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. மொத்தம் எத்தனை மரத்தை வெட்டுவது இலக்கு என்று ஊர்மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒப்பந்தத்தில் 17,500 என்ற எண் இருந்தது 2018-ல்தான் வெளியே வந்தது, அதுவும் தகவல் உரிமையைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் தலையிட்ட பிறகு. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 2021 மே மாத வாக்கெடுப்பு. சிலர் மட்டும் முடிவெடுக்கும் கேபினட் முறை வேண்டாம், எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் உட்காரும் கமிட்டி முறை வேண்டும் என்று சுமார் 65 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 2022 மே முதல் அங்கே கொள்கைக் கமிட்டிகள் நடக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கமிட்டி முறையையே கைவிடச் சொல்லும் மசோதாவை 2025 ஜூலையில் அரசு பார்லிமென்டில் வைத்தது.

உங்கள் ஊரில் கேபினட் முறை என்றால், பெரிய முடிவுகளுக்கு 28 நாள் முன்னறிவிப்பு வரும். அதைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும்: உள்ளே உட்காரும் உரிமை பேசும் உரிமை ஆகாது. எத்தனை நிமிடம், எப்போதுக்குள் கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். நிகழ்ச்சி நிரலின் முதல் பக்கத்தில் கமிட்டி எழுத்தரின் தொலைபேசி எண் இருக்கும். தாள்கள் வெளியான அன்றே அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்; கேள்வி அனுப்பும் கெடு பல இடங்களில் கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும்.