மசோதாவுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் பற்றிய ஒரு மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கும் மசோதா அது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. “12 மணி நேர வேலைச் சட்டம் வந்துவிட்டது” என்றே பலர் பேசினார்கள். ஆனால் அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை. மூன்றே நாளில் அதை நிறுத்திவைப்பதாக அரசு சொன்னது, மே 1 அன்று திரும்பப் பெற்றுவிட்டதாகவும் அறிவித்தது. பேரவையில் நிறைவேறியதற்கும் சட்டமானதற்கும் உள்ள இந்த இடைவெளி ஏன் நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை? மசோதா என்ற சொல்லுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மசோதா அரபியில் பிறந்த சொல். அரபியில் ‘முசவ்வதா’ என்றால் கறுப்பாக்கப்பட்டது என்று பொருள். மக்காவில் கஅபாவின் மூலையில் பதித்திருக்கும் கறுப்புக் கல்லை ‘ஹஜருல் அஸ்வத்’ என்பார்கள் அல்லவா, அந்த ‘அஸ்வத்’தும் இதுவும் ஒரே வேர். வெள்ளைத் தாளில் மை கொண்டு எழுதி, அடித்துத் திருத்தி, கறுப்பேறிக் கிடக்கும் முதல் பிரதிக்கு அந்தப் பெயர். அப்புறம் அதைப் பார்த்துத் திருத்தமாக எழுதும் பிரதிக்கு, ‘வெண்மையாக்கப்பட்டது’ என்ற பொருளில் அரபியிலேயே தனிச் சொல் உண்டு. எழுத்துவேலை செய்கிற யாருக்கும் இந்தப் பெயர்கள் பிடித்துப்போகும்.

அரபியிலிருந்து பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் போய், வக்கீல், ஜப்தி, ராஜினாமா, ஜமாபந்தி போன்ற நிர்வாகச் சொற்களைப் போலவே இதுவும் தமிழுக்குள் வந்தது. அண்டை மொழிகள் சிலவற்றில் அதன் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தியில் ‘மசௌதா’ என்றால் வரைவு. சட்டமன்றத்தில் வைப்பதற்கு அங்கே ‘விதேயக்’ என்று வேறு சொல். தெலுங்கில் ‘முசாயிதா’வும் வரைவுதான். தமிழிலோ வரைவு என்ற பொருள் உதிர்ந்துபோய், சட்டமன்றத்துக்கு வருகிற ஆவணத்தின் பெயராக அது நின்றுவிட்டது. அதனால்தான் ‘வரைவு மசோதா’ என்று கூசாமல் எழுதுகிறோம். மூலப் பொருளில் பார்த்தால் அது ‘வரைவு வரைவு’.

சரி, இதற்குத் தமிழ்ச் சொல் என்ன? புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் ஆவணங்களில் ‘சட்டமுன்வடிவு’ என்றுதான் இருக்கிறது. சட்டம், முன், வடிவு: மூன்றும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். கதவுக்கும் படத்துக்கும் சட்டம் உண்டு என்பதால் வடிவு என்ற சொல் அதோடு இயல்பாகப் பொருந்துகிறது. ‘முன்’ என்பதுதான் இதில் உயிர். இது இன்னும் சட்டமாகவில்லை, அதற்கு முந்திய நிலை என்று சொல்லே சொல்லிவிடுகிறது. இலங்கைத் தமிழர்கள் ‘சட்டமூலம்’ என்கிறார்கள். சுருக்கமான, காதுக்கு இனிய சொல்தான். ஆனால் மூலம் என்றதும் மாறாத அசல் என்ற எண்ணம் வருவதால், திருத்தத்துக்கு உரிய ஒன்றுக்கு முன்வடிவே பொருத்தம் என்பேன். சட்ட வரைவு என்பதைப் பேரவைக்கு வருவதற்கு முன் துறைகளில் எழுதப்படுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

முன்வடிவு எப்போது வடிவாகிறது என்பதில்தான் மாநிலச் சட்டமன்றத்தின் அமைப்பே அடங்கியிருக்கிறது. அரசமைப்பின் 168-ஆவது பிரிவின்படி சட்டமன்றம் என்பது பேரவை மட்டும் இல்லை, ஆளுநரும் அதன் ஓர் அங்கம். மேலவை இருக்கும் மாநிலங்களில் அதுவும் சேரும். தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை. ஆக இங்கே 234 உறுப்பினர்கள் கொண்ட பேரவையும் ஆளுநரும்தான். அமைச்சர் முன்வடிவை அறிமுகம் செய்வார் (நாளிதழ்களின் ‘தாக்கல்’ என்பதும் அரபியிலிருந்து வந்ததே). பிறகு அது ஆய்வுக்கு எடுக்கப்பட்டு, பிரிவு பிரிவாக வாக்குக்கு விடப்பட்டு, நிறைவேறும். இதற்கு வாரங்கள் ஆகலாம், ஒரே நாளிலும் முடியலாம். 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுக்கான முன்வடிவு அறிமுகமான நாளிலேயே நிறைவேறியது. அமைச்சர் அல்லாத உறுப்பினரும் முன்வடிவு கொண்டுவரலாம். அதைத் ‘தனிநபர் மசோதா’ என்பது தவறான பொருள் தருகிறது. அவர் தெருவில் போகும் தனிநபர் இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர். ‘தனி உறுப்பினர் முன்வடிவு’ என்பதே சரி.

நிறைவேறிய பிறகும் அது முன்வடிவுதான். 200-ஆவது பிரிவின்படி ஆளுநர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்கு விடலாம். நீட் விலக்கு முன்வடிவு 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது, ஆளுநரிடமிருந்து திரும்பி வந்தது, 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடி நிறைவேறியது, குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். இருமுறை நிறைவேறியும் அது சட்டமாகவில்லை.

தீர்மானத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தீர்மானம் என்பது அவையின் கருத்து. மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்க வேண்டும் என்று 1967 ஜூலை 18 அன்று நம் பேரவை நிறைவேற்றியது தீர்மானம்தான். மாநிலப் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருப்பதால், அதற்கான முன்வடிவு டெல்லியில் நிறைவேறிச் சட்டமாகி, 1969 ஜனவரி 14 அன்றுதான் பெயர் நடைமுறைக்கு வந்தது.

மசோதாவை விரட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. தலைப்புச் செய்தியில் மூன்று எழுத்து கொண்ட சொல்லின் வசதி தெரியும். எனினும் சட்டமுன்வடிவு நீளமாக இருந்தால் இரண்டாம் முறை வெறும் ‘முன்வடிவு’ என்று எழுதலாம். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதினேன், எங்கும் பொருள் தடுக்கவில்லை.