தைப்பூசத்துக்கு ஒரு நீண்ட இரவு

தமிழ்நாட்டில் தை மாதத்தில் செவ்வந்தி தானாகப் பூக்கும். தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனில் பூக்காது. தமிழ்நாட்டில் அது பனிக்காலம், இங்கே நடுக்கோடை. காவடிக்குப் பூ வேண்டிய நேரத்தில் செடி வெறும் இலையாக நிற்கும்.

தாத்தா கிளேர்வுட் பக்கம் திறந்தவெளியில் பயிரிட்டார். அவருக்குச் செவ்வந்தி என்றால் ஏப்ரல், மே மட்டும்தான். 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அந்த நிலம் கையை விட்டுப் போனது. அப்புறம் டொங்காட் பக்கம் குடியேறி, அப்பா முதல் பசுமைக்குடிலைப் போட்டார். யூகலிப்டஸ் கம்பம், மேலே பிளாஸ்டிக் ஷீட். மழைக்கும் ஆலங்கட்டிக்கும் அது போதும். ஆனால் தைப்பூசத்துக்குப் பூ கொடுத்தது, பிறகு செடிகளை மூடி இருட்டாக்க அவர் வாங்கிய கறுப்பு ஷீட்.

பகலின் நீளத்தைப் பொறுத்தே பல செடிகள் பூக்கின்றன என்று 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியை வைத்து இன்னும் ஒரு படி போனார்கள்: செடி கணக்கு வைப்பது பகலை அல்ல, இடையில் வெளிச்சமே படாத இருட்டை. செவ்வந்தியும் அந்தச் சாதிதான்: இருட்டு இடைவிடாமல் நீண்டால்தான் பூக்கும். இலையில் பைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நடு இரவில் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலும் மறுபடி மாறிவிடும். செடிக்கு அது கோடைக்கால இரவுதான்.

இதை அப்பா பட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஒரு வருடம் ஷீட்டில் உள்ளங்கை அளவு கிழிசல். முற்றத்து விளக்கு அதன் வழியே உள்ளே விழுந்தது. மற்ற வரிசையெல்லாம் மொட்டு வைக்க, அந்த ஓரத்துச் செடிகள் மட்டும் இடுப்புயரம் வளர்ந்து பச்சையாகவே நின்றன.

டிசம்பரில் டர்பனில் பகல் சுமார் 14 மணி நேரம். அதனால் நவம்பரிலேயே தொடங்கிவிடுவோம். மாலை 6 மணிக்கு மூடி, காலை 7 மணிக்கு எடுத்தால் 13 மணி நேர இரவு. ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ வரும். கஷ்டம் வெக்கைதான். ஷீட்டுக்குள் சூடு ஏறினால் மொட்டு தாமதமாகும். அதனால் நன்றாக இருட்டியதும் பக்கங்களைத் தூக்கிவிட்டு, விடியுமுன் எழுந்து மறுபடி மூட வேண்டும். குளிர்காலத்தில் வேலை தலைகீழ்: தண்டு நீளும்வரை மொட்டு வைக்காமலிருக்க இரவில் விளக்குப் போடுவோம்.

ஷீட்டைச் சோதிக்க வெயில் நேரம்தான் நல்லது. மூடிவிட்டு உள்ளே போய், கண் பழகும்வரை பத்து நிமிடம் சும்மா நிற்பேன். ஊசி ஓட்டைகூட நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன்.