60-க்கு எத்தனை காரணிச் செடிகள்?

ஒரு எண்ணைப் பெருக்கலாகப் பிரித்து, வந்த எண்களையும் உடைகிற வரை கிளைகளாகப் பிரித்துக்கொண்டே போகும் படம்தான் காரணிச் செடி. ஆறாம் வகுப்பில் 60-க்கு அதை வரையச் சொன்னால், ஒரு பிள்ளை 6 × 10 என்று பிரிக்கும். பக்கத்தில் இருப்பது 4 × 15 என்று தொடங்கியிருக்கும். கடைசி வரிசையில் ஒருவன் 2 × 30 போட்டிருப்பான். ஒருவர் நோட்டை ஒருவர் எட்டிப் பார்த்ததும் கலக்கம் வந்துவிடும். "டீச்சர், நான் தப்பாப் போட்டுட்டேனா?" என்று ரப்பரைத் தேடுவார்கள். அழிக்க வேண்டாம், முடிகிற வரை போங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். இங்கே 6 உடைந்து 2, 3 ஆகும். 10 உடைந்து 2, 5 ஆகும். அங்கே 4 உடைந்து 2, 2. 15 உடைந்து 3, 5. கடைசியில் எல்லோர் செடியின் நுனியிலும் இரண்டு 2, ஒரு 3, ஒரு 5. அப்போது வகுப்பில் எழுகிற சத்தத்துக்காகவே எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும்.

இந்த இடத்தைப் பல வகுப்புகளில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நேராக வகுத்தல் முறைதான்: இடதுபக்கம் 2, கீழே 30, மறுபடி 2, கீழே 15, அப்புறம் 3, 5, கடைசியில் 1. விடை வேகமாக வரும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் எல்லோரும் 2-இல் தொடங்கி ஒரே வழியில் இறங்குவதால், வேறு வழியில் போயிருந்தாலும் இங்கேதான் வந்து சேர்ந்திருப்போம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது. இனி உடைக்க முடியாத எண்கள் வரை பிரிக்கும் பகாக் காரணிப்படுத்தலின் உயிரே அதுதான். செடியை முதலில் வளரவிட்டு, வகுத்தல் முறையை ஒரு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

செடிக்கும் முன்னால் புளியங்கொட்டை. பன்னிரண்டு கொட்டைகளைக் கொடுத்து, மிச்சமில்லாமல் செவ்வகமாக அடுக்கச் சொன்னால் 1 × 12, 2 × 6, 3 × 4 என்று மூன்று விதமாக அடுக்குவார்கள். ஏழு கொட்டைகளைக் கொடுத்தால் எப்படித் திருப்பினாலும் ஒற்றை வரிசைதான். அந்த ஒற்றை வரிசை எண்கள்தான் பகா எண்கள் என்று சொன்னால் போதும், வரையறையைக் கை மறக்காது.

உடனே ஒரு கேள்வி வரும்: "அப்போ 1 கூடப் பகா எண்தானே, அதுவும் ஒரே வரிசைதானே?" நல்ல கேள்வி இது. 1914-இல் அமெரிக்கக் கணித அறிஞர் டி. என். லேமர் வெளியிட்ட பகா எண் பட்டியலே 1-இல்தான் தொடங்குகிறது. இன்று அதை விலக்கி வைத்திருப்பதற்கான காரணத்தைச் செடியிலேயே காட்டலாம். 1-ஐ உள்ளே விட்டால் 5-ஐ 1 × 5 என்று பிரிக்கலாம், அந்த 5-ஐ மறுபடியும் 1 × 5 என்று பிரிக்கலாம். செடி நிற்கவே நிற்காது. ஒருவர் செடியில் மூன்று 1, இன்னொருவர் செடியில் முப்பது 1. எல்லோருக்கும் ஒரே நுனி என்ற அழகே போய்விடும். அதனால்தான் சரியாக இரண்டு காரணிகள் உள்ள எண்ணை மட்டும் பகா எண் என்கிறோம்.

சரி, நுனி ஏன் மாறுவதில்லை? பெரியவர்களுக்கு இது கேட்கவே தேவையில்லாத கேள்வியாகத் தோன்றும். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கற்பனை ஊருக்குக் கூட்டிப்போனால் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரியும். அந்த ஊரில் இரட்டை எண்கள் மட்டுமே உண்டு. அங்கே 4-ஐ 2 × 2 என்று பிரிக்கலாம். 6-ஐப் பிரிக்க முடியாது, ஏனென்றால் 3 அந்த ஊரில் இல்லை. அதேபோல 2, 10, 14, 18, 30 எல்லாமே அங்கே உடையாத எண்கள். இப்போது அந்த ஊரில் 60-க்குச் செடி வரையுங்கள். 6 × 10 என்று ஒரு செடி முடிந்துவிடுகிறது. 2 × 30 என்று இன்னொன்றும் முடிந்துவிடுகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு வேறு நுனிகள்!

நம் ஊரில் இது நடக்காததற்கான காரணத்தைச் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் நிறுவினார். இரண்டு எண்களின் பெருக்கற்பலனை ஒரு பகா எண் மீதியின்றி வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது அது வகுத்தே தீரும். 3 என்பது 4 × 15-ஐ வகுக்கிறதென்றால் 4-க்குள்ளோ 15-க்குள்ளோ அது இருந்தாக வேண்டும். ஒளிய வேறு இடமில்லை. இரட்டை எண் ஊரின் 6-க்கு இந்தக் குணம் கிடையாது. அது 2 × 30-ஐ வகுக்கிறது, ஆனால் அந்த ஊர்க் கணக்கில் 2-ஐயும் வகுக்காது, 30-ஐயும் வகுக்காது. ஒவ்வொரு எண்ணுக்கும் பகாக் காரணிகளின் கூட்டம் ஒன்றே ஒன்றுதான் என்பதை முழுமையான தேற்றமாக 1801-இல் எழுதி நிறுவியவர் ஜெர்மன் கணித அறிஞர் காஸ். எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்பது அதன் பெயர்.

பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுகிற இடம் 91. 100-க்குள் ஒரு எண் பகு எண்ணாக, அதாவது சிறிய எண்களாக உடையக்கூடியதாக, இருந்தால் அதை 2, 3, 5, 7 இவற்றில் ஒன்றாவது வகுக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு காரணிகளும் 10-ஐத் தாண்டினால் பெருக்கற்பலன் 100-ஐத் தாண்டிவிடும். 2, 3, 5 மூன்றுக்கும் எளிய சோதனைகள் உண்டு. 51, 57 போன்றவை, இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் வகுபடுகிறதா என்று பார்க்கும் சோதனையில் மாட்டிக்கொள்ளும். அதையும் தாண்டித் தப்புவது 49, 77, 91 மட்டும்தான். முதல் இரண்டும் ஏழாம் வாய்ப்பாட்டில் தெரியும். 91 என்பது 7 × 13, வாய்ப்பாடு 12-ஓடு நின்றவர்களுக்கு அது பகா எண்ணாகவே தெரியும்.

செடி கைக்கு வந்துவிட்டால் மற்றவை தானாக வரும். 60-இன் நுனியில் 2, 2, 3, 5. 72-இன் நுனியில் 2, 2, 2, 3, 3. இரண்டுக்கும் பொதுவான 2, 2, 3-ஐப் பெருக்கினால் 12, அதுதான் மீப்பெரு பொதுக் காரணி. இரண்டையும் உண்டாக்கப் போதுமான 2, 2, 2, 3, 3, 5-ஐப் பெருக்கினால் 360, அது மீச்சிறு பொது மடங்கு. 72-க்கு எத்தனை காரணிகள் என்று பட்டியல் போட்டால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். நுனியைப் பார்த்தால் 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம்: நான்கு வழி. 3-க்கு மூன்று வழி. ஆக 12 காரணிகள்.

கடைசி வகுப்பில் ஒரு போட்டி வைப்பேன். பாதிப் பேருக்கு 43 × 47-ஐப் பெருக்கும் வேலை. மீதிப் பேருக்கு 2021-ஐ உடைக்கும் வேலை. முதல் கூட்டம் ஒரு நிமிடத்தில் பேனாவை வைத்துவிடும். இரண்டாவது கூட்டம் 2, 3, 5, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போய், பதினான்காவது பகா எண்ணான 43-இல்தான் கரையேறும். பெருக்குவது சுலபம், உடைப்பது கடினம் என்ற இந்த வித்தியாசத்தின் மேல்தான் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் 1977-இல் ஒரு மறையாக்க முறையை, அதாவது செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றும் முறையை, கட்டினார்கள். அந்த முறைக்குச் சவாலாக வைக்கப்பட்டிருந்த ஒரு 250 இலக்க எண் 2020-இல் உடைபட்டது. கணினிச் செயலியின் ஒரே ஒரு கோர் (கணக்கிடும் பகுதி) அந்த வேலையைச் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும்.

ஒருமுறை இந்தப் போட்டிக்கு மறுநாள் ஒரு பெண் 4087 என்று எழுதிய துண்டுச்சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் 61 வரை போக வேண்டியிருந்தது.