செங்கல் தூளும் தண்ணீரும்

களிமண் தரை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் சிவப்பு டென்னிஸ் தளத்தில் ஆட்டக்காரரின் காலடியில் கிடப்பது நொறுக்கிய செங்கல். பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் பாரிஸின் ரோலண்ட் கரோஸில்கூட அதன் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அடியில், இறுக்கி உருட்டிய சுண்ணாம்புக்கல் தூள். அதற்கும் கீழே சரளைக்கற்கள்.

ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் மேல்மட்டமான ஏடிபி சுற்றுக்கு ஒரு படி கீழே நிற்பவை சேலஞ்சர் போட்டிகள். பட்டம் வென்றவருக்கு, போட்டியின் தரத்தைப் பொறுத்து, 50 முதல் 175 தரவரிசைப் புள்ளிகள் கிடைக்கும். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் இவற்றில் பல இந்தச் செந்தரையில்தான் நடக்கின்றன. வேகமான சர்வீஸை மட்டும் நம்பி வருபவர்கள் இங்கே திணறுவார்கள். பந்து தரையைத் தொட்டிருக்கும் ஏறக்குறைய 5 மில்லி விநாடிகளில் அதற்கான காரணம் இருக்கிறது.

அந்தக் கணத்தில் தூள் பந்தின் அடியைப் பிடித்து இழுக்கிறது. புல்தரையைவிட இங்கே உராய்வு அதிகம்; முன்னோக்கிய வேகம் சட்டென்று குறைகிறது. அடித்தளம் கெட்டியானது என்பதால் மேலெழும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. எனவே பந்து மெதுவாக, ஆனால் செங்குத்தாக எழுகிறது. பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் டாப்ஸ்பின்னும் சேர்ந்துகொண்டால் தோளுக்கு மேலே ஏறிவிடும். பிரெஞ்சு ஓப்பனை 14 முறை வென்ற ரஃபேல் நடாலின் ஆட்டத்துக்கு இந்த எழுச்சியே அடித்தளம்.

பந்து பதித்துவிட்டுப் போகும் தடத்தைக் குனிந்து பாருங்கள். தட்டையாக அடித்த பந்தின் தடம் நீள்வட்டமாக இருக்கும். உயரத்திலிருந்து இறங்கிய பந்தின் தடம் கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். பந்து எந்தக் கோணத்தில் வந்தது என்பதைத் தரையே எழுதி வைத்திருக்கிறது!

உயரமான ஊர்களில் கணக்கு மாறும். சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் காற்று அடர்த்தி குறைவு. தரை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் பந்து பறக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,219 மீட்டருக்கு மேல் பயன்படுத்துவதற்கென்றே விதிகள் தனிவகைப் பந்துகளை அனுமதிக்கின்றன.

என் பார்வையில், தூளைவிட முக்கியமானது தண்ணீர். ஈரமணலில் வீடு கட்டுகிறோமே, அதே தத்துவம்தான். துகள்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. சுண்ணாம்புக்கல் படுகை ஈரத்தைத் தேக்கி வைத்து மேலே கசியவிடுகிறது. ஈரம் வற்றினால் தூள் காற்றில் போய்விடும். கெட்டித்தரை வெளிப்பட்டு ஆட்டம் வேகமெடுக்கும். ஈரம் மிஞ்சினால் தூள் பந்தில் ஒட்டி அதைக் கனமாக்கும், எழுச்சியும் குறையும்.

கால்களும் இதை உணரும். உலர்ந்த துகள்கள் குட்டி உருளைகளைப்போல உருண்டு, ஓடி வந்தவரைச் சறுக்க வைக்கின்றன. ஈரத்தூளோ காலணியின் வரிப்பள்ளங்களை அடைத்துக்கொள்ளும்; அதனால்தான் வீரர்கள் பாதத்தை உயர்த்தி, மட்டையால் பக்கவாட்டில் தட்டித் தட்டி உதிர்க்கிறார்கள். காலையில் நீர் தெளித்த தளத்தில் ஆடியவர், மறுநாள் உச்சி வெயிலில் அதே தளத்துக்கு வந்தால், நேற்றைய கால் கணக்கை மறந்துவிட்டுத்தான் ஆட வேண்டும்.