ஒரு கிளை வாடினால் வேரில் மருந்து ஊற்றாதீர்கள்

குடியாத்தம் பக்கத்து மல்பெரி விவசாயிகள் இந்தப் பருவத்திலும் வாடிய கிளைகளோடு ஆலோசனைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வேதனை என்னவென்றால், அவர்களில் பலர் யாரோ வேரழுகல் என்று சொன்னதை நம்பி, பூசணக்கொல்லி வாங்கி வேரில் ஊற்றிப் பணத்தை இழந்த பிறகே வருகிறார்கள்.

வேரழுகல் கண்டால் செடி முழுவதும் வாடும். பிடித்து இழுத்தால் எளிதில் பிடுங்கிக்கொண்டு வரும். வேர்ப்பட்டை அழுகி உரியும். ஒரே ஒரு கிளை மட்டும் காய்ந்து, அதற்குக் கீழே இலைகள் பசுமையாக நின்றால், வேரில் எந்தக் குறையும் இல்லை. காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கத்தியால் சுற்றி அறுத்தது போன்ற வளையம் தென்படும். அதைக் கண்டு பக்கத்து நிலத்துக்காரர் மீது சந்தேகப்படவும் வேண்டாம். அது ஸ்தெனியாஸ் கிரைசேட்டர் என்னும் நீள்கொம்பு வண்டின் வேலை. மரப்பட்டையின் சாம்பல் நிறத்திலேயே இருந்து, இரவில் நடமாடுவதால், அது நம் கண்ணில் படுவது அரிது. திராட்சை, ரோஜா, காகிதப்பூ, சவுக்கு ஆகியவற்றையும் அது விடுவதில்லை.

பெண் வண்டு கிளையைச் சுற்றிக் கடித்துவிட்டு, வளையத்துக்கு மேலே பட்டைக்கு அடியில் முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழுவுக்குக் காயும் கட்டைதான் உணவு. ஆகவே, காய்ந்ததுதானே என்று நீங்கள் செடியிலேயே விட்டுவைக்கும் கிளையும், அடுப்புக்காக வரப்போரம் மாதக்கணக்கில் அடுக்கிவைக்கும் குச்சிகளும் அடுத்த தலைமுறை வண்டுகளை வளர்த்துக்கொடுக்கின்றன.

வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, அந்த வாரமே எரித்துவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து புதுத்தளிர் வரும். கட்டைக்குள் இருக்கும் புழுவை இலைமேல் தெளிக்கும் மருந்து எட்டாது. அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவைத்தான் அது கொல்லும். பழைய கையேடுகளில் இதற்குப் பரிந்துரைக்கப்பட்ட கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லி 2018ஆம் ஆண்டிலேயே நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. மீதமிருந்தாலும் தயவுசெய்து தொடாதீர்கள். திராட்சை வைத்திருப்போர் கவாத்தின்போது தளர்ந்த பட்டையை உரித்து அகற்றினால், முட்டையிடும் இடம் குறையும்.

சந்தேகம் இருந்தால், வளையம் உள்ள துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்துக்குச் செல்லுங்கள். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பே செல்லுங்கள்.